வாய் மடிக்கும் டை

மூன்று மாதமாக என் துப்பாக்கி இரும்பு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. எந்த டை வாங்குவது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை, அதுதான் காரணம்.

டை என்றால் தலைக்கு அடிப்பதும் இல்லை, கழுத்தில் கட்டுவதும் இல்லை. லேத் பட்டறைக்காரர்கள் சொல்லும் டை. கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகு உருளை, உள்ளே தோட்டாவின் உருவத்தில் கடைந்த துளை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை ஒரு கைப்பிடி பிரஸ்ஸில் வைத்து அதற்குள் தள்ளினால், வெடிப்பில் வீங்கிப்போன கூடு சுருங்கிப் பழைய உருவத்துக்கு வரும். அடியிலிருந்து பழைய கேப்பும் கழன்று விழும். புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்ட பிறகு, இன்னொரு டை கூட்டின் வாயில் புதுக் குண்டைப் பொருத்தும். கடைத் தோட்டாவின் விலை கட்டுப்படியாகாதவர்களும், எதையும் தன் கையால் செய்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களும் அமெரிக்காவில் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். நான் இரண்டாவது ரகம். ஒஹையோவுக்கு வந்து பச்சை அட்டை கிடைத்த பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது.

என் துப்பாக்கி ஒரு .303 லீ என்ஃபீல்டு. பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். கைப்பிடிக் கழுத்தின் எஃகுப் பட்டையைத் துடைத்துப் பார்த்தேன். கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., அதற்கும் கீழே இஷாப்பூர், 1943. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செய்த துப்பாக்கி. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட அளவு. என்னைப் போன்ற ஆசாமி அதைத் தொடக்கூட முடியாது. இங்கே ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டதும் காரில் வைத்து எடுத்து வந்துவிட்டேன். எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து சுவரில் மாட்டியிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அப்பா எத்தனை முறை தாலுக்கா ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்திருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் வைத்துவிட்டு, முடிந்த பிறகு போய் எடுத்து வருவார்.

.303 என்ற எண்ணை நம்பக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவர். குழலின் உள்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களும், பள்ளங்களுக்கு நடுவே மேடுகளும் இருக்கும். .303 இஞ்ச் என்பது மேட்டுக்கு மேடு அளவு. குண்டு இறுக வேண்டியது பள்ளத்தில். கணக்குப்படி அதற்கு .311 குண்டு போதும். யுத்த காலத்தில் இரவும் பகலும் அடித்துத் தள்ளிய குழல்களில் பள்ளம் .316-ஐத் தாண்டியும் இருக்கும். "பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாத்து டை வாங்காதே, உன் குழாயை அளந்து வாங்கு" என்றார். மெல்லிய ஈயக் கட்டி ஒன்றை எண்ணெய் தடவிய குழலுக்குள் மரக்குச்சியால் மெதுவாகத் தட்டி மறுபக்கம் எடுத்தோம். அதன்மேல் பள்ளங்களின் அச்சு பதிந்திருந்தது. அளப்பதில்தான் சிக்கல். என்ஃபீல்டுக்கு ஐந்து பள்ளம். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும், சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். ஈயத்தைச் சுற்றி மெல்லிய தகட்டைச் சுருட்டி அளந்து, தகட்டின் கனத்தைக் கழித்து, .313 என்று கிழவர் தீர்ப்புச் சொன்னார்.

இந்த இரண்டு ஆயிரத்திலொரு பங்கு வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். தாமிர உறை போட்ட குண்டுக்கு ஒன்றும் வராது. அது கடினம். கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் முரட்டுத்தனமாகக் குழலைப் பிடித்துக்கொண்டு போய்விடும். வார்ப்புக் குண்டு, அதாவது ஈயத்தை உருக்கி நாமே அச்சில் ஊற்றி எடுக்கும் குண்டு, அப்படி இல்லை. பள்ளத்தைவிட அது ஒரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும். சிறுத்தால் பின்னாலிருந்து வரும் நெருப்புக் காற்று இடுக்கில் புகுந்து ஈயத்தை அரித்து, குழலின் உள்ளே பூச்சு பூசியதுபோல அப்பிவிடும். குண்டு எங்கோ போகும். அதனால்தான் அதற்குத் தேன்மெழுகு தடவ வேண்டும், அடியில் சின்னத் தாமிரக் குப்பி மாட்ட வேண்டும்.

டை விஷயம் இங்கேதான் வருகிறது. கடையில் கிடைக்கும் இரண்டு டை கொண்ட பெட்டி உறை போட்ட குண்டை மனதில் வைத்துச் செய்தது. முதல் டைக்குள் ஒரு கம்பி, கம்பியில் ஒரு குமிழ். கூட்டின் கழுத்தைக் குண்டைவிட இரண்டு மூன்று பங்கு குறுகலாக அந்தக் குமிழ் விட்டுவைக்கும். உறை குண்டு அதற்குள் இறுக்கமாக இறங்கி நிற்கும். வார்ப்புக் குண்டை அதே கழுத்தில் தள்ளினால் பித்தளை ஈயத்தைச் சீவிவிடும். பார்த்துப் பார்த்து .314-க்குத் தேய்த்து எடுத்த குண்டு, கூட்டுக்குள் போகும்போதே .311 ஆகிவிடும். குழலை அளந்ததெல்லாம் வீண். எனவே வார்ப்புக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு டை வேண்டும். லைமன் கம்பெனிக்காரர்கள் 'எம்' டை என்று ஒன்று விற்கிறார்கள். அதன் கம்பியில் இரண்டு படி. முதல் படி கழுத்தைக் குண்டைவிடச் சற்றே சிறியதாக விரிக்கும், இரண்டாவது படி வாயை மட்டும் குண்டைவிட ஒரு மயிரிழை பெரியதாக்கும். ஈயக் குண்டை விரலாலேயே அதில் நிறுத்தி வைக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தும் முதலில் தப்பான டையைத்தான் வாங்கினேன். கூட்டை முழுசாக அழுத்தும் டை. பழைய .303 குழல்களின் அறை சேற்றிலும் மணலிலும் தோட்டா சிக்காமல் இருப்பதற்காகத் தாராளமாகக் கடையப்பட்டது. சுடும்போது கூடு அந்த அறையை நிரப்ப விரியும். முழு டையில் போட்டால் திரும்பச் சுருங்கும். விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்சுவர் நூலாகத் தேய்ந்துவிடும். ஐந்தாவது முறை சுட்டபோது கன்னத்தில் சூடாக ஒரு காற்று அடித்தது. போல்ட்டை இழுத்தால் கூட்டின் அடிப்பாகம் மட்டும் வந்தது, மேல்பாகம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் தப்பித்தது. கிழவர் திட்டவில்லை. உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்தை மட்டும் அழுத்தும் டை ஒன்று இருக்கிறதே என்றார். துப்பாக்கி அலமாரிக்குள் போனது அன்றுதான்.

உறை குண்டா வார்ப்பா என்ற இந்தக் கேள்வி நம் ஊரைச் சும்மா விட்டதில்லை. கல்கத்தா டம்டம்மில் இருந்த ராணுவ வெடிமருந்துச் சாலையில், 1857 ஜனவரியில்தான் என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பைப் பற்றிய பேச்சு முதலில் கிளம்பியது. ஈயக் குண்டுக்கு வழுக்கல் வேண்டும், அந்த வழுக்கல் பசுவா பன்றியா என்பதில் ஒரு ராஜ்யமே ஆட்டம் கண்டது. நாற்பது வருஷம் கழித்து அதே டம்டம்மில், .303 உறை குண்டு ஆளை ஊசிபோலத் துளைத்துப் போய்விடுகிறது, விழ மாட்டேன் என்கிறான் என்று, முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார்கள். உடம்புக்குள் போனதும் அது பூப்போல விரியும். 1899-இல் ஹேக் மாநாட்டில் அந்த வகைக் குண்டைப் போரில் தடைசெய்தார்கள். குண்டைத் தேர்ந்தெடுக்கிறவன் அது எதன்மேல் படப்போகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுகிறான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகத்தான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து வரும் கோரையாறு பக்கத்தில் ஓடுகிறது. இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம், அன்றைக்கு எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. தாத்தாவுக்கு ஒன்றரை வேலி நிலம், பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்டா கட்டும் பெட்டி சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் இருந்தது. தேக்குப் பெட்டி. உள்ளே பச்சைக் கம்பளித்துணி ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அளவாக ஒரு குழி. பழைய கேப்பைத் தட்டி எடுக்கும் ஊசி, மருந்தளக்கும் பித்தளைக் குப்பி, அட்டை வில்லைகள், மெழுகில் முக்கிய கம்பளி வில்லைகள், ரவை அளக்கும் கரண்டி, குறடு மாதிரி திறந்து மூடும் ஒரு குண்டு அச்சு. எல்லாவற்றையும்விடப் பெரிய குழி காலியாக இருக்கும்.

சின்ன வயதில் அந்தப் பெட்டிதான் எனக்கு விளையாட்டுச் சாமான். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து கொக்கு சுடுவதெல்லாம் நின்ற பிறகு பிறந்தவன் நான். தாத்தா சுட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்டால் செய்து காட்டுவார். காகிதக் கூட்டை எடுப்பார். "கேப்பு... மருந்து... அட்டை... கம்பளி... ரவை... மேல ஒரு அட்டை" என்று வெறும் கையாலேயே ஒவ்வொன்றாக வைப்பார். கடைசியில் கூட்டின் வாயை உள்பக்கமாகச் சுருட்டி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரவை கொட்டிவிடும். மேசை விளிம்பில் திருகி மாட்டி, பக்கத்தில் கைப்பிடி வைத்துச் சுற்றும் ஒரு சின்ன எந்திரம் அதற்கு உண்டு. அந்த டை கூட்டின் வாயில் உட்கார்ந்து சுற்றச் சுற்ற, காகித விளிம்பு முறுக்கு மாதிரி உள்ளே மடங்கும். காலிக் குழி அதனுடையது. அந்த வேலையை மட்டும் தாத்தா காற்றில் விரலைச் சுற்றிக் காட்டுவார்.

"அது எங்க தாத்தா?"

"போச்சு."

அவ்வளவுதான். அப்பாயி அடுக்களையிலிருந்து ஒன்றும் சொல்லாது. ஈயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் வரும். "என் ஈயச்சொம்பை முழுங்கின மனுசன்தானே." அது கும்பகோணத்துச் சொம்பு, கல்யாணத்துக்கு வந்தது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பற்றி டெல்டாவில் எல்லா வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும், வெறும் சொம்பை வைத்தால் உருகிப்போகும். அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகும். காரீயத்துக்கு 327 வேண்டும். ஒருநாள் யாரோ வெறும் சொம்பை அடுப்பில் மறந்து அடி ஓட்டையாகிவிட்டது. தாத்தா மிச்சத்தை எடுத்துப்போய் வலைக்குண்டு ஈயத்தோடு சேர்த்து உருக்கிவிட்டார். வெள்ளீயம் கொஞ்சம் சேர்ந்தால் ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக ஓடி நிரம்பும். இங்கே இதற்கென்று கட்டி கட்டியாக வெள்ளீயம் வாங்கும்போதெல்லாம் எனக்கு ரசவாசம் அடிக்கும். கராஜில் ஈயம் உருக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் சட்டையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். அதில் தளர்வு கிடையாது.

சித்திரையில் அப்பா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். லைசென்ஸ்காரர் போய்விட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வாரிசு வேண்டுமானால் மனுப் போடலாம். ஒஹையோக்காரன் எதைப் போடுவது? பெட்டி மட்டும் இருந்தது. கம்பளித்துணியைக் கரையான் கொஞ்சம் தின்றிருந்தது. மூடியின் உள்பையில் ஒரு நோட்டு இருந்தது. அதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

1961-இல் ஆரம்பிக்கிறது. தாத்தாவின் சாய்ந்த எழுத்து. தேதி, ரவை எண், எத்தனை, யாருக்கு. உள்ளானுக்கு எட்டாம் நம்பர், சிறகிக்கு ஆறாம் நம்பர், மன்னார்குடி டாக்டருக்கு ஆறாம் நம்பர் 25. வடுவூர் ஏரியில் சிறகி இறங்கும் மாதங்களில் பக்கம் நிறைந்திருக்கிறது. இன்றைக்கு அந்த ஏரி பறவைகள் சரணாலயம். படித்துக்கொண்டே வந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைப் போலவே ஒரு பைத்தியம், என்னைப் போலவே கணக்கு எழுதி வைக்கிறார் என்று. 1967-இல் ஒரு வரி. எல்.ஜி. — 24. எதிரே பக்கத்து ஊர்ப் பெரிய பண்ணையின் பெயர். இரண்டு மாதம் கழித்து மறுபடி எல்.ஜி. — 24. அப்புறம் 1968-இல் இரண்டு தரம்.

தோட்டா கட்டாத ஒருவர் அந்தப் பக்கத்தை ஒன்றும் தோன்றாமல் திருப்பிவிடலாம். ஆறாம் நம்பர் ரவை ஒரு அவுன்ஸுக்கு 270 நிற்கும். எல்.ஜி. ஒரு அவுன்ஸுக்கு ஆறு. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமன். அது காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் கட்டுகிற குண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் எங்கே பன்றி, எங்கே மான்? கண்ணுக்கெட்டிய தூரம் நெல், நடுவே மூங்கில் கொல்லை, மிஞ்சிப்போனால் ஒரு நரி. எல்.ஜி. தேவைப்படுகிற அளவில் அந்த வயல்களில் நடமாடியது ஒன்றே ஒன்றுதான். குறடு மாதிரியான அந்த அச்சைத் திறந்து பார்த்தேன். என்னிடம் இருந்த அளவுகோலை வைத்து அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். நான் குழந்தையாக அதைத் திறந்து மூடி விளையாடியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்கும் தோட்டா லைசென்ஸ் புத்தகத்தில் ஏறும். திண்ணையில் கட்டியது எந்தப் புத்தகத்திலும் ஏறாது, தாத்தாவின் நோட்டைத் தவிர.

அத்தை காரியத்துக்கு வந்தவர்கள் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். எண்பது வயசு. நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "இது உங்க தாத்தா எழுத்து" என்றார்கள், அதுவே பதில் என்பதைப் போல. நான் விடவில்லை.

"அந்த எந்திரம் எங்க அத்தை?"

"ஆத்தா ஆத்துல போட்டுருச்சு."

அறுபத்தெட்டு, கார்த்திகை மாசம். கூலி அரைப்படி கூடக் கேட்டு செங்கொடி ஏறாத தெரு அப்போது இல்லை. அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்குவது, அதைத் தடுப்பது, தினமும் ஏதாவது ஒரு ஊரில் அடிதடி. பெரிய பண்ணையின் ஆள் இரண்டு பேர் பொழுது சாய்ந்து வந்தார்கள். ஒரு சாக்குப்பையில் காலிக் கூடுகள், ஒரு பையில் ஈயம். எல்லாம் அந்தப் பெரிய சைசாகவே வேண்டும், இந்தத் தடவை அறுபது என்றார்கள். தாத்தா நாளை மறுநாள் வாங்க என்றார். அப்பாயி அவர்களுக்கு மோர் கொடுத்தது. விடிகாலையில் வழக்கம்போல குளிக்க ஆற்றுக்குப் போனது. அன்றைக்குத் துணிமூட்டை கனமாக இருந்ததை அத்தை பார்த்திருக்கிறார்கள்.

"தாத்தா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாரு. பெட்டியைத் திறந்து பாத்தாரு. மூடி வச்சாரு. பொங்கல் வரைக்கும் ஆத்தாகூடப் பேசல. வந்தவுங்ககிட்ட எந்திரம் ரிப்பேருன்னுட்டாரு."

"அதுக்கு முன்னாடி கட்டிக் குடுத்ததெல்லாம்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள். "குடுத்தாருதான்."

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, நாகப்பட்டினம் பக்கம். முதலில் துப்பாக்கிச் சூடு. ரவை பட்டவர்களும் படாதவர்களும் சிதறி ஓட, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்ததாகச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. தொண்ணூற்றாறு எல்.ஜி. தோட்டா எங்கே போயின என்பதற்கும் என்னிடம் விடை இல்லை. சும்மா பயமுறுத்த அலமாரியில் வைத்திருந்திருக்கலாம். ஆனால் 24, 24 என்று நான்கு முறை எழுதியவர் ஆறு குண்டுக்கும் எட்டாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர் இல்லை. என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

நான் சுழன்று சுழன்று யோசித்தது இன்னொன்று. அந்த எந்திரம் ஒன்றும் கிடைக்காத சாமான் இல்லை. மதராஸில் மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் வி.பி.பி.யில் வந்திருக்கும். தாத்தா அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் இருந்தார். சட்டம் வருவதற்கு நான்கு வருஷம் இருந்தது, வடுவூரில் சிறகி இறங்காமல் இல்லை. நோட்டில் கார்த்திகைக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. அப்பாயிக்குப் பயந்தாரா, டிசம்பருக்குப் பயந்தாரா, வேறு எதற்காவதா? "ஏன் அத்தை புதுசு வாங்கல?" என்று கேட்டேன். "யாரு கேட்டா அதை" என்றார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தையை மெதுவாக நடத்திக்கொண்டு படித்துறைக்குப் போனேன். மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோரையாறு மணலாகக் கிடந்தது. ஆற்றுக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இங்கதான் குளிப்போம். அப்ப படி இன்னும் நாலு கீழ இருந்துச்சு" என்று அத்தை காட்டினார்கள். கைப்பிடி வைத்த ஒரு பித்தளை எந்திரம், இரண்டு கிலோ இருக்கும், ஐம்பது சொச்சம் வருஷம். முட்டாள்தனம் என்று தெரிந்தும் இறங்கி, மணலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். லாரி வைத்து மணல் அள்ளிய பள்ளங்களில் ஆமணக்கும் கருவேலமும் முளைத்திருந்தன. "என்ன சார் தேடுறீங்க, பந்தா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அவனும் கூடவே கொஞ்ச நேரம் தேடினான்.

நோட்டை எடுத்து வந்தேன். அச்சை ஊரிலேயே விட்டுவிட்டேன். அத்தை அதைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒஹையோ திரும்பிய மறுவாரம் கழுத்து அழுத்தும் டையும், .314-க்கு 'எம்' டையும் தபாலில் வந்து சேர்ந்தன. ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே கிழவர் எனக்காக ஆர்டர் போட்டிருந்தாராம். பெட்டியைப் பிரித்து, எண்ணெய் துடைத்து, மேசைமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அலமாரிச் சாவி அடுக்களை ஆணியில் தொங்குகிறது.